சுல்தானும் சுந்தரியும் பேசின வெள்ளிக்கிழமை

இப்பல்லாம் ஜனங்களுக்கு மனுசன்கிட்ட பேச நேரமில்லை. போன வாரம் என் மருமகன் கோவிந்தராஜ் தானாப் பேசற AI-யைப் போட்டு ரெண்டு செல்போனை எதிரெதிரா வெச்சான். ஒண்ணு ராஜாவாம், ஒண்ணு ராணியாம். சண்டை போடுங்கன்னு வுட்டுட்டான். அதுங்க பாட்டுக்குப் பேசுதுங்க, வீடே சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரலை. எழுந்து வெளியே போய்ட்டேன். ஏன்னு கேட்டான், சொல்லலை. இப்போ எழுதறேன். நான் அஞ்சாம் கிளாஸோட நின்னவன், கதை கட்டத் தெரியாது. பேய் பிசாசு பேசறவனைக் கண்டாலே ஆகாது. ஆனா இது நடந்துச்சு. 1983, ஆம்பூர். அதுவும் பட்டப்பகல்ல.

அப்போ தோல் பதனிடற ஒரு ஷாப்புல ட்ரம் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஆளுயரத்துக்கு மேல மரப் பீப்பாய், உள்ளே தோலும் சாயத் தண்ணியும் சுத்தும். அங்க எலக்ட்ரீசியன் வாஹித் பாஷா என் தோஸ்து. அவன் அண்ணன் துபாய்ல இருந்து ரெண்டு டேப் ரிக்கார்டர் அனுப்பியிருந்தான். அதை வெச்சி ஒரு வேடிக்கை கண்டுபிடிச்சோம். ஒரு கேசட்டுல வாஹித் துபாய் சுல்தானாப் பேசுவான். ஒரு அதட்டு, அப்புறம் பத்து எண்ணற வரைக்கும் சும்மா இருப்பான். அந்த இடைவெளிக்கு அளந்து, இன்னொரு கேசட்டுல நான் கீச்சுக் குரல்ல அவன் பொண்டாட்டி சுந்தரியாப் பதில் பேசுவேன். எதிரெதிரா வெச்சி ஒரே சுவிட்சைப் போட்டா, அதுங்களே அடிச்சிக்கும். சாப்பாட்டு நேரத்துல ஷாப்பே சுத்தி நின்னு சிரிக்கும்.

சுந்தரியை நான் எங்க இருந்து எடுத்தேன்? சொல்ல நாக்கு கூசுது. எங்க ஷாப்புல தோல் ஓரம் வெட்டற முனவ்வர் பேகம்தான். புருசன் ஹபீப் சவூதியில, ஜித்தால வேலையில இருந்தான். ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்க வராது, அதனால கடுதாசிக்குப் பதிலா கேசட். வாஹித் ரூம்ல வெச்சிக் கேப்பா. அப்புறம் அதே கேசட்டுல, அவன் பேச்சு மேலயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவா. ஊர்ல எல்லாருக்கும் அதுதான் வழக்கம். கேட்டு முடிச்ச கேசட்டை யாரும் பூட்டி வெக்கலை. அவ பேசறதை வெளியே நின்னு கேட்டு, அந்த இழுப்பு, அந்த மூக்குறிஞ்சல் எல்லாத்தையும் சுந்தரிக்குப் போட்டேன்.

ஜித்தால இருந்து லீவுல வந்த நிசார் அஹமது ஒரு கேசட்டை என் கையில குடுத்தான், முனவ்வருக்குன்னு. வாஹித் மேசை மேல வெச்சிட்டு மறந்துட்டேன். நாலு வாரம் கழிச்சி ஒரு புதன்கிழமை புதுச் சண்டைக்கு ஒரு கேசட் தேவைப்பட்டுது. அது அங்கயே கிடந்துது. இந்நேரம் முனவ்வர் அதைக் கேட்டு முடிச்சிருப்பான்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. அது மேலயே சுந்தரியைப் பேசிட்டேன்.

வியாழக்கிழமை காலையில முனவ்வர் வந்தா. "நாலு மாசமாச்சுண்ணே. கேசட் எதுனா வந்துச்சாண்ணே?"

அப்போ அதை அவ கேக்கவே இல்லை.

"வரலியேம்மா"ன்னுட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. 12.40க்கு எல்லாரும் தொழுகைக்குப் போய்ட்டாங்க. ட்ரம்மைப் பாத்துக்க நான் மட்டும். மனசு அரிச்சுது. கேசட் கடைசியில ஹபீப் பேச்சு கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா? வாஹித் ரூமுக்குப் போனேன். 12.52. சுவிட்சைப் போட்டேன். ரெண்டு பெட்டியும் சேர்ந்து ஓடுச்சு.

சுல்தான் அதட்டினான். சுந்தரி மூக்கை உறிஞ்சினா. நாலு பேச்சு சரியாப் போச்சு. அஞ்சாவதா சுல்தான், வளையலை எங்கடின்னு கேக்கணும்.

கேக்கலை.

"சாப்ட்டியா?"

வாஹித் குரல்தான். ஆனா மெதுவா... மூச்சு வாங்கிக்கிட்டு.

"இன்னும் இல்லை. நீங்க?"

அது என் குரல். என் கீச்சுக் குரல். நான் அப்படிப் பேசவே இல்லை.

1.00. கரண்டு போச்சு. வெளியே ட்ரம் கொர்ர்ர்...னு முனகி நின்னுது. ஃபேன் நின்னுது. கேசட் சக்கரம் நாலும் நின்னுது. கண்ணால பார்த்தேன்.

பேச்சு நிக்கலை.

"நாலு மாசமா ஒரு கேசட்டும் வரலியே?"

"அனுப்பினேனே."

"யாருகிட்ட இருக்குது?"

டக்... டக்... பெட்டிக்குள்ள இருந்து விரலால தட்டற மாதிரி.

"பக்கத்துல உக்காந்திருக்கான் பாரு. அவனைக் கேளு."

சும்மா இருந்துது.

பத்து எண்ணற நேரம்.

அப்புறம் என் குரல்... என்னையே...

"அண்ணே... வந்துச்சாண்ணே?"

ஓடிட்டேன். செருப்பு அங்கயே. வாசல் கேட்டு கடிகாரத்துல 1.07.

ஒன்பதாம் நாள் ஜித்தால இருந்து சேதி வந்துது. ஹபீப் மௌத்தாய்ட்டானாம். அதுவும் நிசார் அங்கிருந்து கிளம்பின மறு வாரமே. இந்த ஊருக்குச் சேதி வர ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்குது.

துக்கத்துக்குப் போனோம். நான், வாஹித், நிசார். முனவ்வர் புருசனுக்குத் துக்கம் காக்கற இத்தால இருந்தா, வெளி ஆம்பளைங்க முன்னால வரமாட்டா. நடுவுல திரை. நிசார் விவரம் தெரியாம, கடைசிக் கேசட்டைக் கேட்டியாம்மான்னு ஆரம்பிச்சான். ராஜவேலு கையில குடுத்தேனேன்னு என்னைக் காட்டினான்.

திரைக்கு அந்தப் பக்கத்துல இருந்து மெதுவா வந்துது.

"அண்ணே... வந்துச்சாண்ணே?"

அதே இழுப்பு.

"வந்துச்சும்மா. நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"அதுல இன்னா சொன்னாரு?"

"சாப்ட்டியான்னு கேட்டாரு."

உள்ளே அழ ஆரம்பிச்சா. நிசார் என் கையைப் புடிச்சி வெளியே இழுத்தான்.

"ஏன் பொய் சொன்னே? அவனுக்குத் தொண்டையில ஆபரேஷன். நாலு மாசமா பேச்சே இல்லை. அந்தக் கேசட்டுல குரலே கிடையாது. அரை மணி நேரம் மூச்சு விடுவான், நடுவுல நடுவுல விரலால பெட்டியை ரெண்டு தட்டு தட்டுவான். நான்தான் பக்கத்துல இருந்தேன்."

அந்த மூச்சைத்தான் நான் அழிச்சேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை வாஹித்கிட்ட சொன்னேன். அவன் பீடி பத்த வெச்சிக்கிட்டு எனக்கு விளக்கினான். பழைய சத்தம் முழுசா அழியாதாம், அடியில ஒட்டிக்கிட்டிருக்குமாம். கரண்டு போனாலும் பெட்டியில பேட்டரி இருந்துதாம்.

"அடியில இருந்தது மூச்சுதானேடா. பேசினது யாரு?"ன்னேன்.

மறுபடியும் முதல்ல இருந்து பேட்டரியைப் பத்தி ஆரம்பிச்சான். அவன் பேசிக்கிட்டே இருந்தான். நான் செருப்பை மாட்டிக்கிட்டு நடந்துட்டேன்.