நல்ல நாள் பார்த்துப் போட்ட பிளான்

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட காலத்தில், மெட்ராஸிலிருந்து நகரமைப்பு அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நிலத்தை அளக்க வந்தவர்கள் என்று நினைத்து ஆளாளுக்கு வேலியைத் தள்ளி நட்டுவிட்டு ஓடிவந்தோம். அவர்களோ, முப்பது வருஷம் கழித்து உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள், வரைந்து தருகிறோம் என்றார்கள். அடுத்த போகத்துக்கு ஏரியில் தண்ணீர் நிற்குமா என்றே தெரியாத கூட்டத்திடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் கேட்டுவிட்டார்கள், விடுவோமா?

பஞ்சாயத்துத் தலைவர் வளர்பிறையில் நாள் குறித்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் பள்ளிக்கூடத்தில் ஊர்ப்படத்தையே விரிக்க விட்டார். பஸ் ஸ்டாண்டு, சினிமாக் கொட்டகை, காலேஜ், பிரசவ ஆஸ்பத்திரி என்று ஊர் கேட்டுக்கொண்டே போனது. பஸ் ஸ்டாண்டு மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை, ஒவ்வொருவருக்கும் அது அவரவர் வாசலுக்கு எதிரே வேண்டும். டீக்கடைக்காரர் விமானம் இறங்க இடம் கேட்டார். அதில் ஏறப்போகிற மகராசன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் கலர் பென்சிலால் கட்டம் போட்டார்.

என் அம்மா கதவோரம் நின்றிருந்தாள். தாலி அறுத்தவளுக்கு நல்ல காரியத்தில் அதுதான் இடம். அப்பாவை ஏரிக்கரைச் சுடுகாட்டில் புதைத்திருந்தோம். அவர் பக்கத்திலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

“எல்லாம் கீறிக்கினே போறீங்களே, சுடுகாடு எங்க கீது அதுல?” என்றாள்.

கூட்டமே பதறிப்போனது. “எம்மா, விளக்கு ஏத்தி வச்ச எடத்துல இன்னா பேச்சு பேசுற? வாய மூடு!” என்று தலைவர் பாய்ந்தார்.

“ஏன் தலைவரே, முப்பது வருஷமும் ஊர்ல ஒருத்தரும் சாவப் போறதில்லையா?”

அவளை வெளியே அனுப்பினார்கள். அதிகாரிக்கு மட்டும் சந்தேகம் வந்து, ஏரிக்கரையில் விரலை வைத்து, “இது என்ன இடம்?” என்று கேட்டார்.

“அது சும்மா கெடக்குது சார்” என்றார் தலைவர். அவர் மட்டுமா? கற்பூரம் எரிகிற இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. அதிகாரி ‘காலி இடம்’ என்று எழுதினார், கீழே ஊரே கையெழுத்துப் போட்டது.

பஸ் ஸ்டாண்டு வரவில்லை. காலேஜ் வரவில்லை. காலி இடத்துக்கு மட்டும் ஓர் இரும்புத் தொழிற்சாலை வந்தது. மதில் எழும்பியதும் நகரமைப்பு ஆபீசுக்கு ஓடினோம். அவர்கள் எங்கள் பிளானையே எடுத்துக் காட்டி, “நீங்கள் சொன்னதுதானே?” என்றார்கள். போதாததற்கு வீட்டுக்கு ஓர் ஆளுக்கு வேலை என்றார்கள், ஊர் வாயை மூடிக்கொண்டது. எனக்கும் வேலை கிடைத்தது. “போடா, உள்ள போயி உங்கப்பன பாத்துக்கினு இரு” என்று அம்மாதான் அனுப்பி வைத்தாள்.

சில வருஷத்தில் அவளும் போய்விட்டாள். யார் பேச்சையும் கேட்காமல் பாடையை நேராகத் தொழிற்சாலை கேட்டுக்கே தூக்கிக்கொண்டு போனோம். தலைவர் முன்னால் நின்று, “யோவ், இது எங்க ஊரு சுடுகாடுய்யா! பாட்டன் காலத்து சுடுகாடு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். இப்போது மட்டும் நாக்கு நன்றாகவே எழுந்தது. பாவி மனுஷன்!

வாச்மேன் ஆந்திரா பார்டர்க்காரன், நல்லவன்தான். என் தோளைத் தொட்டு, “நைனா, உனக்கு கார்டு கீது, நீ எப்ப வேணா உள்ள போ. அம்மாவுக்கு கார்டு இல்லியே, நான் இன்னா பண்ணட்டும்?” என்றான்.

திரும்பினோம். காலேஜுக்கென்று கட்டம் போட்டிருந்த மேட்டில் குழி வெட்டி அவளை வைத்தோம்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். அப்பா கிடக்கிற இடத்தின் மேல் கம்பிக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறதென்றும் பார்க்காமல் சத்தமாகவே சொன்னேன்: “அம்மா வந்துச்சுப்பா. கேட்டுல உடல.”