இழுக்க வேண்டிய மருந்து

நான் ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டு, ஆடி கடைசி வெள்ளியன்று அப்பாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட தேதி. உண்மையில் அதற்கு முந்தைய தையிலேயே தொடங்கிவிட்டது. குன்னம் பக்கம் காடு காடாகப் போய் மக்காச்சோளம் அடிக்கும் மிஷினை ஓட்டியவர் அவர். தூசியோடு வரும் இருமல் தூசியோடு போய்விடும் என்று இருந்துவிட்டார்கள். அந்த வருடம் அது போகவில்லை.

ஐப்பசி வரை அலைந்தோம். குன்னத்தில் ஊசி, அரியலூரில் எக்ஸ்ரே, ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் லேகியம். பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பதற்குள் அப்பா மூன்று தடவை நிற்பார். நிற்பது தெரியாமலிருக்க, யாரையோ எதிர்பார்ப்பவர் போலத் தெருவைத் திரும்பிப் பார்ப்பார். லேகியத்தால் பசி எடுத்தது, மூச்சு வரவில்லை. தையில் சோளம் அடிக்க ஆள் கூப்பிடுவார்கள், அதற்குள் அப்பா எழுந்துவிட வேண்டும் என்பதுதான் வீட்டின் ஒரே கவலை.

ஐப்பசி இரண்டாவது திங்கள், பெரம்பலூரில் ஒரு டாக்டர், நுரையீரல் நாள்பட்டுக் கெட்டிருக்கிறது என்றார். கேப்சூல்களும் விரல் நீளப் பிளாஸ்டிக் குழல் ஒன்றும் எழுதிக்கொடுத்தார். கேப்சூலைக் குழலில் போட்டுத் திருகி, வாயில் வைத்து உள்ளிருக்கும் பொடியை இழுக்க வேண்டும். செய்துகாட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுதுங்க சார்" என்றார் அப்பா.

டாக்டரிடம் இரண்டாம் முறை கேட்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் மாமா, அம்மாவின் தம்பி, குழலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இத வாயில வச்சீங்கன்னா அவ்ளோதான் மச்சான். பழகிடும். சாகறவரைக்கும் விடாது."

அம்மா பயந்துபோனாள். "அப்ப மருந்த என்னடா பண்றது?"

"மருந்து உள்ளாறதான போவணும்? தண்ணி ஊத்தி முழுங்கினா போவாதா?"

அதைவிட நியாயமான பேச்சு அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அப்பா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள் தவறாமல் விழுங்கினார். குழல் எனக்கு வந்தது, ஊதி விளையாடினேன். கார்த்திகை பாதியில் அப்பா உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்திருந்தார். "பெரம்பலூர் மருந்தும் கேக்கல" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அந்த வாரம் அம்மாவுக்கு பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் அக்கா, அப்பா கேப்சூலை வாயில் போட்டுச் சொம்பைத் தூக்குவதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நெஞ்சுக்குப் போறத வயித்துக்கு அனுப்புறீங்களே! இதுக்குக் குழல் குடுத்திருப்பாங்களே, எங்க?"

"இழுத்தா பழகிடும்னாங்க" என்றாள் அம்மா.

"சோறுகூடத்தான் பழகிடுச்சு. விட்டுட்டீங்களாக்கா?"

நான் குழலைக் கொண்டுவந்து கொடுத்தேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கழுவிக் காயவைக்கச் சொல்லிவிட்டு, தெருவில் மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வெறும் குழலில் மூன்று முறை இழுக்கப் பழக்கிவிட்டு, அதன் பிறகே மருந்தைப் போட்டார். இழுத்த மூச்சைப் பிடித்துவைக்க, பத்து எண்ணும் வேலை எனக்கு. "இனிமே தினம். நல்லாருந்தாலும் நிறுத்தக் கூடாது" என்றார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்து, இழுத்துக்காட்டச் சொன்னார்.

மார்கழி முடிவதற்குள் அப்பா பஸ் நிற்கும் இடம்வரை நிற்காமல் நடந்தார். அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

பொங்கல் கழிந்த நான்காம் நாள், வியாழக்கிழமை, அப்பா மிஷினை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

"அதான் நல்லாயிட்டீங்களே! ஏம்ப்பா குடுத்தீங்க?" என்று கத்தினேன். அவர், மிஷினை மாட்டிய டிராக்டரில் ஏறி உட்கார்ந்த மாமாவிடம், "மாப்ள, துண்ட மூக்குல கட்டிக்க" என்றார்.

"முக்காடு போட்ட பொண்ணு மாதிரியா மச்சான்?" மாமா சிரித்தபடி கிளப்பினார்.

அப்பா டிராக்டருக்குப் பக்கத்திலேயே வேகமாக நடந்தார். பாதித் தெருவில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு மறுபடியும் நடந்துகொண்டே, "கட்டிக்க மாப்ள, சொன்னா கேளு" என்றார். ஐந்து மாதம் அலைந்து கிடைத்த மூச்சை இப்படியா வீணாக்குவார் ஒரு மனிதர் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.