பதினேழு மீட்டர் மண்

என் தங்கை இனியா போராடி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு 461. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஏழு மாதம் கரண்ட் கிடையாது. பிறகு அன்னூரிலிருந்து பீளமேட்டுக்கு மூன்று ஆண்டுகள் பஸ்ஸில் போய்வந்து கட்டடக்கலையில் டிப்ளமோ. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், அதில் பெண்கள் நால்வர், கூலிவேலைக்காரர் வீட்டுப் பெண் இவள் ஒருத்தி. "நீங்கெல்லாம் கல்லுத் தூக்கத்தானே வருவீங்க, கோடு போட வந்துபோட்டியா?" என்று கேட்டவனைவிடப் பதினோரு மார்க் கூடுதலாக வாங்கினாள். 2019 ஜூன் 3ஆம் தேதி பீளமேட்டிலேயே ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. கடைசியாக, சென்னையில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் சுவர்.

தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை பதினேழு மீட்டர் ஆழம். படிக்கட்டை ஒட்டி இறங்கும் அந்தச் சுவரை அலங்கரிக்கும் வேலை 2022இல் இனியாவின் அலுவலகத்துக்கு வந்தது. முதலாளி கோவிந்தராஜுலு எல்லோரிடமும் படம் கேட்டார். மற்றவர்கள் மயில், யானை, கோபுரம் என்று வரைந்தார்கள். இனியா மண்ணை வரைந்தாள்.

எங்கள் அப்பா சுப்பையன் நாற்பது வருடம் கிணறு வெட்டியவர். அவர் வெட்டிய ஒரு கிணற்றில் டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, செம்மண் எத்தனை அடி, சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண் எத்தனை அடி, மொரம்பு என்கிற சரளை மண் எத்தனை அடி, கரும்பாறை எங்கே தொடங்குகிறது என்று அவளே அளந்து வந்தாள். ஒவ்வொரு படியிலும் சுவருக்குப் பின்னால் என்ன மண் இருக்கிறதோ, அதே நிறத்தில் சுவர் இருக்க வேண்டும். இறங்குகிறவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று கண்ணாலேயே தெரியும். இதுதான் அவள் யோசனை. பதினோரு படங்களில் அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போதுதான் ஒரு தவறு தெரிந்தது. சென்னையில் மண் பரிசோதனை செய்த இன்ஜினியர் இஸ்மத் போனில் அழைத்தார்.

"ஏம்மா, நீங்க எந்த ஊரு?"

"அன்னூருங்க."

"அதான் பார்த்தேன். இங்க முப்பதடியில ஏதும்மா பாறை? தோண்டினா களிமண்ணும் தண்ணியும்தான். உங்க ஊர்க் கெணத்தைக் கொண்டாந்து எங்க ஊர்ல எறக்கிட்டீங்களே!"

பூமிக்கடியில் எங்குமே பாறைதான் இருக்கும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"பாறையில்லாத ஊர்ல குழி எப்புடிக் கண்ணு சரியாம நிக்குது?"

"மொதல்ல காங்கிரீட் செவுத்தை எறக்கிப்போட்டு, அப்பறந்தானுங்ப்பா தோண்டுவாங்க."

"செவுரு முன்னால, குழி பின்னாலயா? நல்ல கூத்தா இருக்குது போ!"

இஸ்மத் அந்த இடத்து மண்ணை ஆழவாரியாக ஆறு ஊறுகாய் பாட்டில்களில் போட்டு அனுப்பினார். இனியா எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தாள். சுவரில் பதிக்கும் ஓடுகளின் நிறத்தை ஒவ்வொரு பாட்டிலோடும் வெயிலில் வைத்துப் பார்த்தாள், டியூப்லைட் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்தாள். சாம்பல் களிமண்ணின் நிறம் ஒன்பதாவது முறை சுட்டபோதுதான் அமைந்தது. நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள்.

நிலையம் திறந்த பிறகு, 2024 ஜூன் 16 அன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு மூவரும் அதில் இறங்கினோம். அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே வந்தார். "இது ஆத்து மணலு. இது களி. இங்க தண்ணி ஊறும்" என்றார். எல்லாமே சரி என்று இனியா சொன்னாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

கீழே ஒரு பித்தளைத் தகடு இருந்தது. மூன்று வரிகள். கருத்தும் வடிவமைப்பும் கோவிந்தராஜுலு. அடுத்தது ஓடு சுட்ட கம்பெனி. அதற்கடுத்தது ஒப்பந்தக்காரர். நான் இரண்டு முறை படித்தேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எது கண்ணு உம்பேரு?" என்றார்.

"கடைசி வரிங்ப்பா" என்றாள் இனியா.

அப்பா ஒப்பந்தக்காரர் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாளே அவள் முதலாளியிடம் கேட்டாள். "சார், எம்பேரையும் ஒரு ஓரமாப் போடலாமுங்களா?"

"ஏனுங்க அம்மணி, கோடு போட்டவங்க, டீ வாங்கியாந்தவங்க எல்லார் பேரையும் போட்டா செவுரு பத்துமுங்களா?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கிணற்றில் எடுத்த அளவுகளையும் ஆறு பாட்டில்களின் போட்டோவையும் இணைத்து, தகட்டில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி, நிலையத்தை நடத்துகிறவர்களுக்கு அவள் ஒரு கடிதம் அனுப்பினாள். அவளுக்குப் பதில் வரவில்லை. கடிதத்தின் நகல் மட்டும் கோவிந்தராஜுலுவின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாள் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வேலை தேடி மூன்று அலுவலகங்களுக்குப் போனாள். மூன்றிலும் முதலில் கேட்டது ஐந்து வருட அனுபவச் சான்றிதழைத்தான்.

அதை வாங்க அவளோடு நானும் போனேன், மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு. கோவிந்தராஜுலு இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று சான்றிதழ். இன்னொன்றில், அந்தச் சுவரின் யோசனை முழுக்க அவருடையது, இனியா சொன்னதை மட்டும் வரைந்தாள், இனி எந்த உரிமையும் கோரமாட்டாள் என்று இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டாத்தானுங்க அம்மணி அது" என்றார்.

இனியா மூன்று முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா பண்றது?"

வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் நாங்கள் இருவர்தான். அப்பாவுக்கு நெஞ்சில் கல்தூசி. "போட்டுரு கண்ணு" என்று சொன்னது நான்தான்.

அந்தச் சுவருக்கு அவள் வரைந்த படங்கள் மொத்தம் 214. எல்லாவற்றிலும் கையெழுத்து கோவிந்தராஜுலுவுடையது. அந்தச் சுவர் சம்பந்தமான ஒரு காகிதத்தில் என் தங்கை சு. இனியா முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை.