கம்பியைத் தளர்த்துகிறவள்

வந்தவர் பையின் ஜிப்பை முழுவதும் திறப்பதற்குள் அவள் கித்தாரை உருவியெடுத்து மடியில் சாய்த்து, ஆறு கம்பிகளையும் தளர்த்திவிடுகிறாள். "என்ன பிரச்சினைன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போது கம்பிகள் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருக்கும். இனி வாசித்துக் காட்ட வழியில்லை. அவளுக்கு வேண்டியதும் அதுதான். "வாசிச்சுக் காட்டறேன்னு எல்லாரும் தப்பை மறைச்சுத்தான் வாசிப்பாங்க. எனக்குக் கச்சேரி வேணாம். மரத்தைப் பார்த்தா போதும்."

அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது அவள் பட்டறை. நின்றால் தலை இடிக்கும். ஆகவே நாள் முழுவதும் ஒரு முக்காலியில் உட்கார்ந்தே வேலை. மின்விசிறி உண்டு, போடுவதில்லை. கித்தாருக்கு அரம் போடும் எலும்புப் பட்டையின் தூள் பறந்து கண்ணில் விழுமாம். பழுதுபார்த்து முடித்த கித்தார்கள் சுவரில் தொங்குகின்றன, எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. ஏன் என்று கேட்டால், "மூஞ்சியைப் பார்த்தா அதை வெச்சிருக்கறவன் ஞாபகம் வருது" என்பாள். தேநீரைச் சூடாகக் குடித்ததே இல்லை. யாரையாவது திட்டி முடிப்பதற்குள் அது ஆறிப்போய்விடுகிறது. கித்தார் வாசிப்பவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சிடுசிடு டாக்டர். அது அவளுக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் விட அவளைக் கொதிக்க வைப்பது லாக்கிங் ட்யூனர். சாதாரணக் கித்தாரின் தலையில் இருக்கும் ஆணியில் கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித்தான் முறுக்க வேண்டும். லாக்கிங் ட்யூனரில் சுற்ற வேண்டாம். உள்ளே ஒரு சிறு திருகு கம்பியைக் கவ்விக்கொள்ளும். அதைப் போட்டால் சுருதி அசையாது என்று ஊரெல்லாம் பேச்சு. போன மாதம் கணினி வேலை பார்க்கும் ஒருவர் வந்து, "வீடியோல எல்லாரும் நல்லா சொல்றாங்க மேடம்" என்றார்.

"அப்போ வீடியோவையே மாட்டித்தரச் சொல்லுங்க."

"இல்ல, கம்பி நழுவுதுன்னு..."

"நழுவுதுன்னு யார் பார்த்தா? நீங்க பார்த்தீங்களா? நழுவல. சிக்குது." கித்தார் கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்கார்ந்து போகும் சிறிய எலும்புப் பட்டையைக் காட்டினாள். நட் என்பார்கள் அதை. வாசிக்கும்போது இழுத்து வளைத்த கம்பி, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நட்டில் இருக்கும் வெட்டு சரியில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். சுருதி போவது அங்கேதான். "கதவு இடிக்குதுன்னா நிலையைச் செதுக்கணும் சார். நீங்க பூட்டை மாத்தறீங்க." அவர் வாங்கி வந்த ட்யூனர் பெட்டியோடு திரும்பிப் போனார். அவருடைய நட்டை அரம் போட்டுச் சரிசெய்து கொடுத்துத்தான் அனுப்பினாள். ஆனால் அவர் மறுபடி வரமாட்டார். வைத்தியம் பலித்தாலும் அவமானம் ஆறுவதில்லை.

அவள் சொல்வது பெரும்பாலும் சரி. கஷ்டமே அதுதான். தப்புச் செய்தவனின் கோபம் கொஞ்ச நேரத்தில் களைத்து உட்கார்ந்துவிடும். சரியாக இருப்பவர்களின் கோபத்துக்குக் களைப்பு கிடையாது. தான் கோபம் என்பதே அதற்குத் தெரியாது, நியாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மாடியில் அவளோடு குடியிருக்கும் அம்மா இதையே வேறு மாதிரி சொல்வாள். "இவ சொல்றது எதுவும் பொய்யில்ல. ஆனா ஒண்ணும் வயித்துல இறங்க மாட்டேங்குது."

சனிக்கிழமை மதியம் தம்பி வந்தான். அதே வீட்டின் கூடத்தில் படுத்து எழுகிறவன்தான். ஆனால் பட்டறைக்கு வரும்போது வாடிக்கையாளரைப் போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். ஓட்டல்களிலும் கம்பெனி விழாக்களிலும் வாசிக்கும் ஒரு குழுவில் அவன் கித்தார். தோளில் பை, கையில் ஒரு சிறிய டப்பா.

அவள் கித்தாரை வாங்கிக் கம்பிகளைத் தளர்த்தினாள். பிறகுதான் டப்பாவைப் பார்த்தாள்.

"என்னடா அது?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும். உன் வாயால சொல்லு."

"லாக்கிங் ட்யூனர். மாட்டிக் குடு."

டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, கித்தாரின் தலையில் ஆணி உட்கார்ந்திருந்த துளைக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்தாள். நுழையாது. துளையைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கிய துளை சின்னதாகாது.

"இந்த மரத்துல நான் துளை போடணும். அதுவும் உனக்காக."

"ஆமா. சாயங்காலம் ஒத்திகை. இன்னிக்கும் சுருதி போச்சுன்னா எங்க குழு மாஸ்டர் வேற ஆளை வெச்சுக்கப்போறார். அந்த ஆளும் வர்றான். ஓரமா உக்காந்து பார்க்கப்போறான்." தம்பியின் குரல் உயரவில்லை. "போன வாரம் நடுப்பாட்டுல நிறுத்திட்டு எல்லார் முன்னாடியும் கேட்டார், உனக்குக் காது இருக்கா இல்லியான்னு."

"சரியாத்தான் கேட்டிருக்கார். நீ கம்பி சுத்தற லட்சணம் அப்படி. நூல்கண்டு மாதிரி சுத்தி வெச்சிருக்க."

"சரி, எனக்குச் சுத்தத் தெரியல. அதுக்குத்தான் சுத்தவே வேணாம்னு இது."

"இதை மாட்டினாலும் உனக்கு சுருதி நிக்காது. எழுதித் தரட்டுமா?"

"எழுதித் தர வேணாம். மாட்டித் தா. இல்லேன்னா சொல்லு, கடைத்தெருவுல இருக்கறவர் கிட்ட போறேன்."

"போ. அவர்கிட்ட துளை போடற மெஷின் பெருசு. மூளைதான் சின்னது."

தம்பி போகவில்லை. அவளும் கித்தாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படிகளில் யாரோ இறங்கிப் போனார்கள். இருவர் தலைக்கு மேலும் செருப்புச் சத்தம் தடதடத்துக் கடந்தது. அவள் வீம்பாக, ஆறில் மிகத் தடித்த கம்பியை நட்டிலிருந்து தூக்கினாள், வெட்டைக் காட்டிப் பாடம் நடத்துவதற்காக. கம்பி வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் டக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அவள் அதை இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டினாள். அடுத்ததை உருட்டினாள்.

"என்ன கம்பிடா இது?"

தம்பி வாசல் பக்கம் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"பதினொண்ணு."

ஒன்பது என்பது மெல்லிய கம்பி, பதினொன்று தடிமன். இந்தக் கித்தாருக்கு நட் வெட்டியது அவள்தான், ஒன்பதாம் எண் கம்பி உட்காரும் அகலத்துக்கு. கச்சிதமாக, ஒரு மயிரிழை கூட இடம் விடாமல் வெட்டியிருந்தாள். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்த ஒல்லி வெட்டுக்குள்தான் இந்தத் தடித்த கம்பி இத்தனை நாளாகப் பிதுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"எப்ப மாத்தின?"

"மாஸ்டர் சத்தம் கனமா வேணும்னார். ஏழெட்டு மாசம் இருக்கும்."

"ஏழெட்டு மாசம். ஒரே தட்டுல தின்னுட்டு, ஒரே பாத்ரூமுக்குச் சண்டை போட்டுட்டு இருக்கோம். கம்பி மாத்தினேன்னு சொல்ல உனக்கு வாய் வரல?"

"வந்துச்சு. உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

"நல்லா பேசற."

"போன மாசம் இதைத் தூக்கிட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா? இழுத்து விட்டா டிக்குனு ஒரு சத்தம் வருது, கேளுக்கான்னு சொல்ல வந்தேன். நான் உக்கார்றதுக்குள்ள கம்பியைத் தளர்த்திட்ட. நான் சுத்தியிருக்கறதைப் பார்த்து அரை மணி நேரம் திட்டின. அம்மா மேலேர்ந்து இறங்கி வந்தா. ஒரே ஒரு தடவை வாசிக்க விட்டிருந்தா உனக்கே கேட்டிருக்கும்."

"நட்டைப் பாருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"உன் நட்டையா? நீ வெட்டின நட்டையா?" தம்பி சிரித்தான், நல்ல சிரிப்பு இல்லை. "ஊர்ல இருக்கற எல்லார் நட்டையும் சந்தேகப்படுவ. இது ஒண்ணை நீ பார்க்கவே இல்ல."

அவள் மேசையிலிருந்த அரங்களில் ஒன்றை எடுத்தாள். கோபம் போய்விடவில்லை, முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது யார் மீது என்று அதற்கே தெரியாததுபோல அலைந்தது. முதலில் அரத்தின் மீது விழுந்தது, பிறகு விளக்கின் மீது. "இந்த ட்யூப் லைட் வேற, செத்தவன் முழிக்கிற மாதிரி."

ஆறு வெட்டுகளையும் அகலப்படுத்தினாள். ஒவ்வொரு முறை அரத்தை இழுத்ததும் தூளை ஊதிவிட்டு, கம்பியை உட்காரவைத்துப் பார்த்து, மறுபடி இழுத்தாள். முடிந்ததும் கம்பிகளை அவிழ்த்து, ஆணியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்காகச் சுற்றினாள். தம்பி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ டப்பா?" என்றான்.

"எதுக்கு? சுருதிதான் சரியாயிடுச்சே."

"சுருதிக்கு மட்டும் இல்லக்கா. மேடையில கம்பி அறுந்தா அடுத்த பாட்டுக்குள்ள மாத்தணும். நீ உன் முக்காலியில உக்காந்து சுத்தற. நான் நின்னுட்டு, வேர்த்த கையோட, முந்நூறு பேர் பார்க்கச் சுத்தறேன். அதுல மாட்டி ஒரு திருகு, முடிஞ்சுது வேலை. அதுக்காகத்தான் முதல்ல ஆசைப்பட்டேன். உன்கிட்ட சொன்னா, சுத்தக் கத்துக்கோன்னு சொல்லுவ."

அதைத்தான் சொல்ல இருந்தாள். கம்பி நழுவுகிறது என்பவர்களுக்கு அவளிடம் பத்து வருடப் பதில் இருக்கிறது. கை வேர்க்கிறது என்பவனுக்கு ஒன்றுமில்லை.

"இதைத் திருப்பிக் குடுத்துடு" என்றாள் கடைசியில். "துளையைப் பெருசாக்காம உக்கார்ற மாடல் இருக்கு. அதை வாங்கிட்டு வா. போடறேன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"எப்பவோ வந்தாச்சு."

"யார்கிட்டயும் சொன்னதே இல்லையே நீ."

"யாரும் கேக்கல."

"கேக்க விட்டாத்தானே."

அவள் கித்தாரை நீட்டினாள். இந்தப் பட்டறையை விட்டு எந்தக் கித்தாரும் அவள் சுருதி சேர்க்காமல் வெளியே போனதில்லை. தம்பி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தானே சேர்க்கத் தொடங்கினான். ஒவ்வொன்றாக ஏற்றினான். மூன்றாம் கம்பியை இழுத்து வளைத்து விட்டான். சத்தமில்லாமல், சொன்ன இடத்துக்கு வந்து நின்றது. இன்னொரு முறை இழுத்தான். மறுபடியும் வந்தது. அவன் தோள்கள் இறங்கின.

பிறகு ஆறையும் சேர்த்து மீட்டினான். மூன்றாம் கம்பி இம்மியளவு தாழ்ந்து நின்றது. அவளுக்குக் கேட்டது. சில வாசிப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொள்வார்கள், சேர்ந்து ஒலிக்கும்போது இனிப்பாக இருக்கும் என்று. இவன் தெரிந்து வைத்தானா, காதில் விழவில்லையா? சாயங்காலம் ஓரமாக ஒருவன் உட்கார்ந்து கேட்கப்போகிறான். தம்பி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மீட்டினான். அவள் வலது கை தானாக முன்னால் நகர்ந்தது. அதை இழுத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் முக்காலியில் வைத்து, தொடைகளை அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்து, அவன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.