சுந்தரிக்காவின் தள்ளுவண்டி

தள்ளுவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோகிறார் சிவகாமசுந்தரி. சக்கரம் சுற்றி நிற்கும்வரை வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். லேசாகக் கீச்சென்றாலும் போதும், தையல் இயந்திரத்துக்கு விடுகிற எண்ணெயில் ஒரு சொட்டு விழும். "சுந்தரிகிட்ட எடுத்த வண்டி பாதி வழியில கெட்டுச்சுன்னு ஒருத்தர் சொல்லட்டும், பாப்போம் லா!" யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவும் முடியாது.

தேக்கா சந்தைக்குப் பின்னால் அடுக்குமாடியில் வீடு. அதில் ஓர் அறை முழுக்கத் தள்ளுவண்டிகள்தான். பிள்ளை வளர்ந்துவிட்டதென்று மற்றவர்கள் ஒதுக்கியதை வாங்கி, துணியைத் துவைத்து, திருகாணியை முடுக்கி, வாடகைக்கு விடுகிறார். வார நாள்களில் சிராங்கூன் ரோட்டில் சூட்கேஸ் விற்கும் கடையில் வேலை. பிள்ளைகுட்டியோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் அங்கே பேச்சுக் கொடுப்பார்கள். கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் சுந்தரிக்காவையும் கூடவே அழைத்துப்போவார்கள். எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும், எதற்கு வாங்கவே கூடாது என்று அவரைப்போல அடித்துச் சொல்ல ஆளில்லை.

"நாலு வயசுப் பிள்ளைக்கு எஸ்கலேட்டரே ராட்டினம்தான். டபுள் டெக்கர் பஸ்ல மேல, முன்சீட்டுல உக்கார வெச்சா அதுவே டூர். அதுக்கு மேல செலவு பண்றது பெத்தவங்க ஆசைக்கு லா."

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பசிப்பதற்கு முன்னால் சோறு, தூக்கம் வருவதற்கு முன்னால் வீடு. பையில் புளிச்சோறும் அவித்த முட்டையும் இருக்கும். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிவைத்திருப்பார். வெயில் ஏற ஏற அது குடிக்கிற பதத்துக்கு இளகிக்கொண்டே வரும். மாற்றுத்துணி பிள்ளைக்கு ஒன்று, பிள்ளையைத் தூக்குகிறவருக்கு ஒன்று. ஒருமுறை பட்டால்தானே தெரியும்!

இன்னொரு பழக்கமும் உண்டு. அவரோடு வருகிற பிள்ளை பஸ் ஓட்டுநர், துப்புரவாளர், பானக்கடைக்காரர் என்று எதிர்ப்படுகிற ஆம்பிளை எல்லாருக்கும் "தேங்க்யூ அங்கிள்" சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டார். "மரியாதைக்கு என்ன காசா பணமா?"

அந்தப் பழக்கம்தான் போன மாதம் அவரையே குத்திவிட்டது.

தனசேகரன் துவாஸில் கப்பல் பட்டறைத் தொழிலாளி. அவருடைய மனைவி கண்மணியும் மகள் தாரணியும் ஊரிலிருந்து வந்து புக்கிட் பாத்தோக்கில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். அப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது தாரணி கைக்குழந்தை. அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் போனில்தான். இப்போது அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, போனைக் குடு, அப்பாகிட்ட பேசணும்" என்கிறாளாம்.

அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்க வந்தார் தனசேகரன்.

"என்கிட்ட வரவே மாட்டேங்குறாக்கா. பிளைட் ஏறுறதுக்குள்ள ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்டாப் போதும். எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல."

"அந்தக் கூட்டத்துல பிள்ளை அம்மா முந்தானையைத்தான் புடிக்கும் தம்பி. காசைப் பத்திரமா வைங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் நனைந்து ஆடுகிற நீர்த்திடலில் தாரணி ஒரே கும்மாளம். ஆடி முடித்து நடுங்கிக்கொண்டு வந்தவளுக்குத் தனசேகரன் துண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். பிறகு, காலையிலிருந்து கற்றுக்கொண்டதைச் சமர்த்தாகச் சொன்னாள்.

"தேங்க்யூ அங்கிள்."

கண்மணி சிரித்து மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. தனசேகரன் "குட் கேர்ள்" என்றார். பிறகு தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ மூடியாயிற்று. சுந்தரிக்கா சோற்றுப்பெட்டியைத் தள்ளிவைத்தார். அட பாவி, நான் சொல்லிக்கொடுத்த பாடமல்லவா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சாயங்காலம் அவர் தன் சட்டத்தைத் தானே மீறினார். வழக்கமாகக் கிளம்பியிருக்க வேண்டிய நேரத்தில், "ஏரிப்பக்கம் இன்னொரு ரவுண்டு போவோமா?" என்றார். தட்டான் பார்த்தார்கள், மீன் பார்த்தார்கள். தாரணிக்குக் கண் சொருகியது. வண்டியைப் பார்த்துக் கை நீட்டினாள்.

சுந்தரிக்கா குனிந்தார். முன்சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்தார். "ஐயையோ, வீல் போச்சு லா!"

"காலையில நல்லாத்தானேக்கா ஓடுச்சு?" என்றாள் கண்மணி.

"பழைய வண்டிம்மா, இப்பிடித்தான் திடீர்னு காலை வாரும்." சொல்லும்போதே வண்டியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியாயிற்று. பைகள் எல்லாம் கண்மணியின் கைக்குப் போயின.

தாரணி அம்மாவைப் பார்த்தாள், அங்கே இடமில்லை. சுந்தரிக்காவைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். தனசேகரன் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். அழுகை ஓய்ந்ததும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தூக்கு" என்றாள்.

தூக்கினார். தோளில் சாய்ந்தவளின் கன்னத்தில் சட்டைப் பையிலிருந்த போன் இடித்தது. அதை உருவி எடுத்துப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். போனைத் திரும்பப் பைக்குள்ளேயே செருகினாள்.

"அப்பா, தண்ணி."

தனசேகரன் பிள்ளையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மூடியைத் திறந்து கொடுத்தது கண்மணிதான். புக்கிட் பாத்தோக் பஸ் வந்தது. கண்மணி சுந்தரிக்காவின் பையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளையோடு மேல்மாடிக்கு ஏறப்போன தனசேகரன் சுந்தரிக்காவைத் திரும்பிப் பார்த்தார். "வண்டி ரிப்பேருக்கு நான் குடுத்துடறேன்க்கா!"

"போங்க தம்பி, படி பாத்து. பிள்ளைத் தலை இடிக்கப்போவுது."

பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை சுந்தரிக்கா நின்றார். பிறகு வண்டியை விரித்தார். காலிச் சோற்றுப்பெட்டியைப் பிள்ளை உட்காரும் இடத்தில் வைத்து, வாரை இழுத்து மாட்டி, ஒரு விரலால் தள்ளிக்கொண்டு தேக்கா பஸ்ஸுக்கு நடந்தார்.