உப்புப் பாறையில் போட்ட ஊசி

ஜவ்வாது மலைக்குக் கால்நடை ஆய்வாளராகப் போஸ்டிங் வந்தபோது நான் மனோதத்துவத்தில் ஒரு புத்தகம் படித்து முடித்திருந்தேன். இரண்டாவது புத்தகம் படித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எழுபதுகளின் கடைசி. பக்கத்து ஊரில் சப்பை நோய் வந்து இரண்டு மாடுகள் செத்திருந்தன. "ஒண்ணு விடாம தடுப்பூசி போட்டுட்டு வாய்யா" என்று டாக்டர் அடிவாரத்திலிருந்தே சொல்லியனுப்பினார். மாடுகளோ என் காக்கிச் சட்டையைக் கண்டதும் காட்டுக்குள் ஓடின. போன வருஷம் ஊசி போட்டவனும் காக்கிதான். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுமே, அதே கதை. இங்கே மணி நான்.

புத்தகத்தில் வழி இருந்தது: பயப்படுகிற பொருளைப் பிடித்த பொருளோடு சேர்த்துக் கொடு. மலையில் பகலெல்லாம் மாடு காட்டில் மேயும். சாயங்காலம் தட்டைப் பாறையில் உப்பைத் தூவிக் கூப்பிட்டால் தானாக வந்து நக்கும். அப்படியே பட்டிக்கு ஓட்டிப் போவார்கள். "அங்கயே போட்டுர்றேன்" என்றேன்.

அந்த ஊர் வெள்ளச்சிக்கு இருந்தது ஒரே ஜோடி ஏர்மாடு. "உப்புல வாய வெச்சிக்கினு இருக்கறப்ப குத்தினா நல்லாவா சார் இருக்கும்?" என்றாள்.

"மனோதத்துவம்மா."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அந்த வார்த்தையின் பயன் பெரும்பாலும் அதுதான்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறைக்குப் பின்னால் பதுங்கினேன். மாடுகள் நக்கும்போதே ஊர்க்காரர்கள் கயிறு போட்டார்கள், நான் ஊசி போட்டேன். ஒரே சாயங்காலத்தில் முப்பத்திரண்டு மாடு.

மறுநாள் உப்பைத் தூவினார்கள். ஒன்றும் வரவில்லை. ஊசிக்கு உப்பின் ருசி வரவில்லை, உப்புக்கு ஊசியின் வலி வந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் மாடுகளைத் துரத்திப் பிடித்துவிட்டார்கள். வெள்ளச்சியின் ஜோடி மட்டும் அகப்படவில்லை. காட்டில் சிறுத்தை இருந்தது. சாமை விதைக்க உழவு வேறு நின்றுபோனது.

"இன்னா சார், நோய் வராம பண்ணுங்கன்னா மாடே வராம பண்ணிட்டீங்களே!" என்றாள்.

லீவு போட்டேன். ஸ்பிரிட் வாடை போகச் சீயக்காய் தேய்த்துக் குளித்து, லுங்கி கட்டி, பாறையோரம் உட்கார்ந்தேன். உப்பு இருக்கும், ஊசி இருக்காது. இப்படியே தொடர்ந்தால் பயம் அணைந்துவிடும் என்றது புத்தகம். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவள் ஜோடியில் ஒன்றான மயிலைக் காளை புதரிலிருந்து தலையை நீட்டியது. என்னைப் பார்த்தது. நின்றுவிட்டது.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க கொஞ்சம் எழுந்து போய்டுங்க" என்றாள் வெள்ளச்சி.

"நான்தான் லுங்கியில இருக்கேனே?"

"மாட்டுக்கு மூஞ்சி தெரியும் சார்."

நடந்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது இரண்டும் பாறையில் குனிந்திருந்தன. மயிலையின் கழுத்தில் நான் குத்திய இடத்தை அவள் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஊசியைப் பட்டியில் போடுங்கள், உப்பு வைக்கிற இடத்தில் போடாதீர்கள். பிறகு, யாருடைய பயத்தையாவது போக்கக் கிளம்பினால், அங்கிருந்து எழுந்து போக வேண்டியவர் நாம்தானா என்று முதலில் பாருங்கள். எனக்கு ஐந்து நாள் ஆயிற்று.