உடைப்பில் வைத்த பொறி

ஐம்பத்தெட்டு வயதில் டார்லீன் ஸபொலோட்னி பீவர் வேஷம் கட்டினாள். கனடாவில், மனிடோபாவின் அந்த வட்டாரத்தில், மரத்தைக் கடித்து ஓடையில் அணை கட்டும் அந்தப் பிராணியை அவள் அளவுக்குக் கொன்றவர் யாருமில்லை. அப்படியிருந்தும் கனடா தின ஊர்வலத்துக்கு ஆள் தேடிய ஊராட்சித் தலைவர் எர்னி, பழுப்புப் பஞ்சு உடுப்பைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குத்தான் வந்தார். வருஷா வருஷம் அதைப் போட்டுக்கொள்பவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார்.

"என்னைப் போய்க் கேக்கறீங்களே எர்னி, உங்களுக்கே சிரிப்பு வரல?"

"அது எப்படி நடக்கும், எப்படி வாலை அடிக்கும்னு உன்னைவிட யாருக்கும்மா தெரியும்?"

"எப்படிச் சாகும்னும் தெரியும். அதையும் நடிச்சுக் காட்டவா?"

"குழந்தைங்க வரும், தாயே. கையை மட்டும் ஆட்டிட்டுப் போ."

அந்த நாட்டின் வழக்கமே அதுதான். ஐந்து சென்ட் காசில் பீவரைப் போட்டுக் கும்பிடாத குறையாகக் கொண்டாடுவார்கள். அதே பீவர் ரோட்டோரம் அணை கட்டி நாலு வண்டி மண்ணை நனைத்துவிட்டால் கொல்ல ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் டார்லீன். ஊராட்சியின் சம்பளப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'சாலைப் பராமரிப்பு' என்று இருந்தது.

அவள் வேலையில் மென்மைக்கு இடமில்லை. இரண்டு சதுர இரும்புச் சட்டம், இரு பக்கமும் தடித்த ஸ்பிரிங் வில். நடுவில் நுழையும் கழுத்தை அந்தப் பொறி ஒரே அடியில் நசுக்கும். அடி தோளில் விழுந்து உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தால் கோடரிக் காம்பால் மண்டையில் ஒரு போடு. அப்பனிடம் அவள் கற்றது அது. அப்பன் அதே காம்பைப் பிள்ளைகள் மீதும் பயன்படுத்தினான்.

பத்தொன்பது வயதில் அவள் கட்டிக்கொண்ட நெஸ்டரும் கை ஓங்குகிறவன்தான். மாட்டுப் பண்ணைக்காரன், பார்க்க லட்சணமானவன், ஊருக்கு நல்லவன். பன்னிரண்டு வருஷம் பொறுத்தாள். ஓர் ஈஸ்டர் அன்று, பீட்ரூட் சூப் ஆறிப்போயிருந்தது என்பதற்காக அவள் விலா எலும்பில் மூன்றை ஒடித்தான். அவள் தவழ்ந்துபோய்க் கொட்டகையிலிருந்து கோடரிக் காம்பை எடுத்துவந்து அவன் முழங்காலைப் பேர்த்துவிட்டு, தன் பிக்கப் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அவன் இன்றைக்கும் நொண்டுகிறான். இருபத்தேழு வருஷமாக இருவரும் ஒரே சாலையில், நாலு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிறார்கள். எதிரெதிரே வண்டி வந்தால் இருவருமே ஒதுங்க மாட்டார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. நெஸ்டரின் குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓடை நெடுகக் கூழாங்கல். ஆனால் சாலையோரம் பீவர்கள் கட்டியிருந்த அணைக்குப் பின்னால் மட்டும் ஊற்றுத் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. வாத்துகள் அங்கேதான் குஞ்சு பொரித்தன, மூஸ் மான் அங்கேதான் குடித்தது, நெஸ்டரின் அறுபது மாடுகளும் அங்கேதான் குடித்தன. எஞ்சினீயர் படித்தவனுக்கெல்லாம் தோன்றாத யோசனை அந்தப் பல் நீண்ட ஜந்துவுக்குத் தோன்றியிருந்தது. ஊராட்சிக்கோ சாலை ஈரமாவது மட்டுமே கண்ணில் பட்டது. அணையை எடுத்துவிடச் சொல்லி டார்லீனுக்கு உத்தரவு வந்தது.

முதல் நாள் அணையில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி உடைப்பை உண்டாக்கினாள். மறுநாள் போனால் உடைப்பு அடைபட்டிருந்தது. பீவர் அடைத்தால் குச்சியும் சேறும் இருக்கும். இதில் சிமெண்டுக் கல்லும் பழைய தீவன மூட்டையும் இருந்தன. சேற்றில் ஒரு கால் ஆழமாகவும் ஒரு கால் மேலோட்டமாகவும் பதிந்த பூட்ஸ் தடம். மூன்று நாள் இப்படியே அவள் வெட்ட, அவன் அடைக்க.

ஊர்வலத்தன்று காலையில் மறுபடி வெட்டினாள். ஓடும் தண்ணீரின் சத்தத்தைப் பீவரால் பொறுக்க முடியாது. கேட்டதுமே அடைக்க வரும். அதனால் பொறியை உடைப்பின் வாயிலேயே மூழ்கடித்து வைப்பது வழக்கம். வைத்தாள். அடியில் அறைந்த இரும்பு முளையோடு சங்கிலியை ஒட்டக் கட்டினாள். அப்புறம் மேலே குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும், மனிதர்கள் கையை விட்டுவிடாமல் இருக்க. எந்தக் குடிகாரப் பொறிக்காரனும் தவறவிடாத காரியம் அது. டார்லீன் ரிப்பனைப் பையிலிருந்து எடுத்தாள். பூட்ஸ் தடத்தைப் பார்த்தாள். ரிப்பனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வேஷம் கட்டப் போய்விட்டாள்.

மத்தியானம் ஊர்வலம் முடிந்து பொருட்காட்சித் திடலில் அவள் வேர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தபோது நெஸ்டர் வந்தான். கையில் பீர். அவள் தலையில் இருந்த பஞ்சு மண்டையை விரலால் தட்டினான்.

"உள்ள யாரு? நம்ம கொலைகாரியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பஞ்சுப் பல்லின் இடுக்கு வழியாக அவன் முகம் தெரிந்தது. சொல்லிவிடத்தான் நினைத்தாள். 'அணைப்பக்கம் போனா கையை விடாதே' என்று நாலே வார்த்தை. வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

"என் மாடு தாகத்துல சாகணும், அதானேடி உனக்கு? மூணு எலும்பு ஒடிஞ்சும் உனக்குப் புத்தி வரல பாரு. பாக்கியையும் சேர்த்து ஒடைச்சிருக்கணும்."

திறந்த வாயை மூடிக்கொண்டாள். பஞ்சுக் கையை அவனைப் பார்த்து ஆட்டினாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவன் வண்டி ஓடைப்பக்கம் திரும்புவதைத் திடலிலிருந்தே பார்த்தாள். தட்டில் இருந்த பெரோகிக் கொழுக்கட்டைகளை ஒன்று விடாமல் சாப்பிட்டாள். அன்று இரவு அவள் தூங்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். தூங்கினாள், குறட்டை விட்டுத் தூங்கினாள்.

விடிந்ததும் பொறியைப் பார்க்கப் போனாள். அவன் வண்டி சாலையோரம் நின்றது.

நெஸ்டர் குளத்துக்குள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மோவாய் வரை இருந்தது. வலது கை அணைக்குள் புதைந்திருந்தது. நடந்தது அவளுக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. சாயங்காலம் கல்லை வைக்கக் கையை விட்டிருக்கிறான், பொறி முழங்கைக்குக் கீழே கவ்வியிருக்கிறது, முளை அசையவில்லை. கத்தியிருப்பான். திடலில் வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. தொண்டை போய் அவன் அடங்கியதும் பீவர்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு ஓடும் தண்ணீர்தான் கணக்கு, மனிதன் கணக்கில்லை. அவன் கையைச் சுற்றிக் குச்சி செருகி, சேறு அப்பி, உடைப்பை ஒழுங்காக அடைத்திருந்தன. அடைக்க அடைக்க ஊற்றுத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அவன் தோள்மீது பச்சை இலையோடு ஒரு கிளைகூடக் கிடந்தது.

"டார்லீ..." குரல் காற்றாக வந்தது. "என் மேலயே கட்டுதுங்க, டார்லீ. ராத்திரி பூரா."

அவள் கரையில் நின்றாள். அவன் மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருந்தது. திரும்பி நடந்து, வண்டியில் உட்கார்ந்து, குடுவையில் இருக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வந்தால் போதும். அவள் எதையும் செய்யக்கூட வேண்டாம். பீவர்கள் பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. ஒரு தடவை திரும்பவும் செய்தாள், இரண்டடி நடக்கவும் செய்தாள்.

"அடியே, மாட்டை மட்டும் யாராவது பாத்துக்கச் சொல்லு," என்றான் பின்னாலிருந்து.

டார்லீன் அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு போட்டிருந்த துணியோடு தண்ணீரில் குதித்தாள். மண்வெட்டியால் அணையைக் கண்டபடி கொத்தினாள். தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓட, பொறி வெளியே தெரிந்தது. பொறி வேலைக்கென்று இடுப்பில் எப்போதும் சுற்றியிருக்கும் கயிற்றை வில்லின் வளையங்களில் கோர்த்து, நுனிச் சுருக்கில் காலை விட்டு மிதித்து, இரண்டு கையாலும் இழுத்தாள். அந்த வில் வெறுங்கைக்கு மசியாது. முதல் இழுப்பில் கயிறு நழுவிப் பொறி மறுபடி கடித்தது. அவன் அலறி, இடது கையால் அவள் முகத்தில் ஓங்கிக் குத்தினான். வாயில் ரத்தத்தோடு அவளும் திருப்பி ஓர் அறை விட்டாள்.

"ஆடாம இருடா, நாயே!"

இரண்டாவது இழுப்பில் வில் மடங்கியது. வெளியே வந்த கை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

அவனை இழுத்துப்போய் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். நாற்பது நிமிஷப் பாதை. பாதித் தூரம் போனபின் அவன் பேசினான்.

"ரிப்பன் காணோம்."

அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

"ஊர்வலத்துக்கு ஓடற அவசரத்துல மறந்துட்டே. இல்ல?" பல் தந்தியடித்தது. "போலீஸ் கேட்டா அப்படித்தான் சொல்வேன். மறந்துட்டா, பாவம்னு."

அவனுக்கு அது வேண்டியிருந்தது. ஒரு பெண் ஞாபகமறதியால் தன் கையை நசுக்கினாள் என்றால் அவனால் அதோடு வாழ முடியும். அவளுக்கும் அது சௌகரியம்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் வேலையும் பிழைக்கும், பெயரும் பிழைக்கும்.

"சொல்லேன்டி. மறந்துட்டேன்னு சொல்லு."

"மறக்கல, நெஸ்டர்."

அவன் மெல்ல நகர்ந்து கதவோடு ஒட்டிக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் அவள் அவனைக் கண்டு அப்படித்தான் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினாள்.